இருநூற்றுப் பதினாலு குடங்கள்

டில்லிபாபுவுக்குக் காலையில் கண் விழித்ததும் காதில் விழ வேண்டிய முதல் சொல் 'தலைவரே'. டீ எல்லாம் அப்புறம்தான்.

மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, நான்கு பிளாக்குகளாக ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. தொண்ணூற்றாறு வீடுகள். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு வருடமாக அவன்தான் தலைவர். தொழில், ஏ.சி. மெக்கானிக். அடையாறு பக்கம் பெரிய பெரிய பிளாட்டுகளில் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, கேஸ் நிரப்பிவிட்டு வருவான். அங்கெல்லாம் அவனுக்குப் பெயர் கிடையாது. 'ஏ.சி.காரர் வந்திருக்கார்' என்று கதவைத் திறப்பார்கள். செருப்பை லிஃப்ட் பக்கத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். வீட்டிலும் அவனை அப்பா என்று கூப்பிட ஆள் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவனும் ஷீலாவும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இப்போது அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. ஆக, இந்த உலகம் அவனுக்கென்று கொடுத்திருந்த ஒரே மரியாதை அந்த நாலெழுத்துப் பட்டம்தான். அதை விட அவனுக்கு மனசு வரவில்லை என்றால் பேராசைக்காரன் என்று சொல்லிவிட முடியாது.

சங்கத்துக்கு வருடா வருடம் தேர்தல். அதனால் ஒரு வருடத்துக்குள் கண்ணில் படாத எந்த வேலையையும் எந்தத் தலைவரும் தொட்டதில்லை. டில்லிபாபுவுக்கு முன்னால் துரைராஜ் தலைவராக இருந்தபோது வாசல் வளைவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். டில்லிபாபு வந்த வருடம் அதே வளைவுக்குப் பச்சை. மறு வருடம், போன வருடம் அடித்ததுதானே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று கிளிப்பச்சை. மாடித் தொட்டியில் விழுந்திருந்த விரிசலை மட்டும் எல்லாத் தலைவர்களும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தத் தடவை பெயிண்டை வைத்து ஜெயிக்க முடியாது என்று டில்லிபாபுவுக்குத் தெரிந்துவிட்டது. தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. துரைராஜ் இப்போதே வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ள ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் டில்லிபாபு பைக் ஸ்டாண்டை எடுத்தான்.

சி பிளாக்குக்கும் டி பிளாக்குக்கும் நடுவே ஒரு கிரவுண்டு அளவுக்கு மண் தரை சும்மா கிடந்தது. ஒரு மூலையில் அடிபம்பு. நடுவில் மழைத் தண்ணீர் இறங்குவதற்காக என்றோ தோண்டி, ஜல்லி போட்டு மூடிய உறைகிணறு. குடியிருப்பின் பைக்குகளெல்லாம் தெருவில் நின்றன. நாய் சீட்டைக் கிழித்தது. யாரோ பெட்ரோலை உறிஞ்சினார்கள். மண் தரையை மூடி சிமெண்ட் போட்டு, மேலே தகரக் கூரையும் போட்டுவிட்டால் எழுபது பைக் நிற்கும். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் வேலையைச் செய்து தருவதாக ஹவுசிங் போர்டு மேலிடத்தில் வாய்வார்த்தையும் வாங்கிவிட்டான். "தீர்மானம் தோத்தா நான் தலைவரே இல்ல" என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லியும்விட்டான்.

எதிர்த்தது ஒரே ஆள். ஆனால் அந்த ஆள் தேவானை.

தேவானைக்கு ஐம்பத்தெட்டு வயது. சி பிளாக்கில் கீழ் வீடு. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை. சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லை. ஆனால் கோடையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது வரிசைக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை ஒரு சாண் நகர்த்தினவன் அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் வீடு திரும்புவான். கவுன்சிலர் வீட்டுக் குடமே ஒரு முறை கடைசிக்குப் போயிருக்கிறது.

"மண்ண மூடிட்டியானா மய எங்க எறங்கும்?" என்று அவள் டில்லிபாபுவைக் கேட்டாள். "லாரியே வராத வருசம் இந்த பம்புதான் ஊருக்கே ஊத்திச்சு. மறந்துபூட்டியா?"

"யக்கா, அது எப்பவோ ஒரு தபா. பைக்கு டெய்லி கீதுக்கா."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மண் தரையிலேயே பொதுக்கூட்டம். அதற்கு ரெனிட்டா வந்திருந்தாள். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. நிலம், தண்ணீர் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும் ஓர் இடம் தர வேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. நாற்பது சங்கங்களுக்குக் கடிதம் போட்டாள். பதில் போட்டது டில்லிபாபு ஒருவன்தான். கடிதத்தின் கடைசி வரியில் மைக் செட்டும் டீயும் நிறுவனத்தின் பொறுப்பு என்றிருந்ததுதான் காரணம்.

"இன்னைக்கு நீங்க போடற சிமெண்ட் ஐம்பது வருஷம் இருக்கும்" என்றாள் ரெனிட்டா. "ஆனா ஐம்பது வருஷம் கழிச்சு இங்க வாழப் போறவங்களுக்கு இன்னைக்கு ஓட்டு இல்ல. அவங்க சார்பா ஒரு நாற்காலிய நடுவுல காலியா வைப்போம். பேசறவங்க எல்லாரும் அதைப் பார்த்துப் பேசுங்க."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நடுவில் வைக்கப்பட்டது. அவள் மைக்கைச் சரிசெய்து முடிப்பதற்குள் யாரோ அதற்கு மாலை போட்டுவிட்டார்கள். தாமதமாக வந்த பி பிளாக் ஆள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "எப்போ தவறுனாரு?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். ரெனிட்டா ஓடிப்போய் மாலையை எடுத்தாள். எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் துரைராஜின் மாமனார் அம்மாசி அதில் உட்கார்ந்துவிட்டார். வருங்காலத் தலைமுறைக்கு எண்பத்தொரு வயது. இரண்டு முட்டியிலும் வலி.

"தாத்தா, இது இன்னும் பிறக்காதவங்க சீட்டு" என்றாள் ரெனிட்டா.

"குந்திகினு கீறேம்மா. அவுங்க வந்தா எந்திரிச்சிக்கிறேன்" என்றார் அம்மாசி.

கூட்டம் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. ரெனிட்டாவின் முகம் வாடிப் போனதைப் பார்த்து தேவானைக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எழுந்து முன்னால் வந்தாள்.

"ஏம்மா, காலி சேரு இருந்தா எவனும் குந்துவான். அது அவன் தப்பு இல்ல. எங்க வயக்கம் வேற. வராத ஆளுக்கு நாங்க சேரு போட மாட்டோம். கொடம் வெப்போம். கொடம் மேல எவனாச்சும் குந்துவானா?"

ரெனிட்டா புரியாமல் பார்த்தாள். தேவானை தண்ணீர் வரிசையின் சட்டத்தைச் சொன்னாள். ஆள் வரவில்லை என்பதற்காக அவன் இடம் போய்விடாது, அவனுக்காக இன்னொருத்தர் குடம் வைக்கலாம், யாருக்கு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரெனிட்டாவின் கண் விரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தாள்.

"அப்ப பொறக்கப் போற புள்ளைக்கு ஒரு கொடம், ஒரு ஓட்டா?" என்று துரைராஜ் கிண்டலாகக் கேட்டார்.

"ஏன், இருந்தா இன்னா?" என்றாள் தேவானை.

டில்லிபாபு அந்த நேரத்தில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பைக் வைத்திருப்பவர்கள் யார்? கல்யாண வயசுப் பையன்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள். இனிமேல் பிள்ளை பெறப் போவது யார்? அதே ஆட்கள். தேவானையின் கட்சியில் இருப்பவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்தவர்கள். அவன் சட்டென்று மைக்கைப் பிடித்தான்.

"அக்கா சொல்றது கரெக்டு! ஜனநாயகம்னா அதான்! அடுத்த ஞாயித்துக்கெயம கொடத்தோட வாங்க!"

ரெனிட்டா அங்கேயே விதிகளை எழுதிப் படித்தாள். அடுத்த ஐம்பது வருடத்தில் ஒரு வீட்டுக்கு வரக்கூடிய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குடம். குடம் வைத்தவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குடம் நிற்பது வைத்தவருக்காக அல்ல, வரப் போகிறவருக்காக. அதற்குள் டீ வந்துவிட்டதால் முதல் விதிக்கு மேல் டில்லிபாபுவின் காதில் ஏறவில்லை. தலைவர் என்ற முறையில் கீழே கையெழுத்துப் போட்டான்.

அந்த வாரம் முழுக்க அவன் ஒரே ஒரு ஏ.சி.தான் பார்த்தான். மற்ற நேரமெல்லாம் குடப் பிரசாரம். பைக் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "உனக்கு எத்தினி புள்ள பொறக்கும்னு நெனக்கிற?" என்று கேட்டான். இரண்டு என்றவர்களை நாலு என்று சொல்ல வைத்தான். சிங்கிள் பெட்ரூம் வீட்டில் ஆறு எப்படி என்று ஒருவன் தயங்கியபோது, "அம்பது வருசம் டைம் கீது மச்சி" என்று தைரியம் சொன்னான். வீடுகளில் அவ்வளவு குடம் இல்லை என்று தெரிந்ததும் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஒரு ஆட்டோ நிறைய பிளாஸ்டிக் குடம் வாங்கினான்.

"இன்னா சார், எலெக்‌ஷன் சின்னமா?" என்றார் கடைக்காரர்.

திரும்பும் வழியில் பாண்டி பஜார் சிக்னலில் போலீஸ்காரர் ஆட்டோவை நிறுத்தி, எந்த ஏரியாவில் மறியல் என்று கேட்டார். மறியல் இல்லை சார், ஓட்டுப்பதிவு என்று டில்லிபாபு விளக்கினான். அவர் சற்று யோசித்துவிட்டு, எதற்கும் சீக்கிரம் கிளம்பு என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஷீலா குடங்களைப் பார்த்தாள். ஷீலா மந்தைவெளியில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவள்; அளந்துதான் பேசுவாள்.

"யாருக்குயா இத்தினி?"

"வருங்காலத் தலைமுறைக்கு."

"பைக் ஸ்டாண்டுதான் வோணும்னு அதுங்க வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"அதுங்களுக்கு இன்னா வோணும்னு அதுங்க பெத்தவன் பாத்துக்குவான். நமக்கு இன்னா புள்ளயா குட்டியா? வருங்காலத்துக்கு நான் ஏன் மாரடிச்சிக்கணும்?"

சொல்லி முடித்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஷீலா அடுப்புப் பக்கம் திரும்பினாள். தோசையைத் திருப்பிப் போட்டாள், அது கருகியிருந்தது. அதை அவன் தட்டில் போடாமல் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். டில்லிபாபுவுக்கு அந்தத் தோசையைப் பிடுங்கித் தின்றுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண் தரை முழுக்கக் குடம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டி பிளாக் சுவரில் தொடங்கி அடிபம்பைச் சுற்றி வளைந்து, சி பிளாக் படிக்கட்டு வரை வந்து நின்றது வரிசை. வீட்டுக்கு ஒருவராக ஆட்கள் தொண்ணூற்றொரு பேர். ஐந்து வீடு வெளியூர். வந்திருந்தவர்களைவிட வராதவர்கள்தான் அதிக இடத்தைப் பிடித்திருந்தார்கள். ஆட்கள் எல்லாம் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று.

தேவானை கையில் ஒரு சாக்பீஸோடு வரிசையின் தலைமாட்டில் நின்றாள். விசாரித்து, பதில் சரியாக இருந்தால் குடத்தில் ஒரு கோடு போடுவாள். இல்லையென்றால் குடம் வெளியே.

முதலில் மாட்டியவன் கனகராஜ். வயது இருபத்து நாலு, டில்லிபாபுவின் வலது கை, உணவு டெலிவரி வேலை. அவன் முன்னால் ஐந்து குடம்.

"அஞ்சா?" என்றாள் தேவானை. "பொண்ணு பாத்தாச்சா?"

"பாத்துகினு கீறேங்கா."

"பொண்ணுகிட்ட கேட்டியா, அஞ்சு ஓக்கேவான்னு?"

கனகராஜ் டி பிளாக் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அங்கே இரண்டாம் மாடி ஸ்நேஹா, காலேஜ் முடித்து நந்தனத்தில் ஒரு ஆபீஸில் வேலைக்குப் போகும் பெண், தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் விறுவிறுவென்று இறங்கி வந்து, ஐந்து குடத்தில் மூன்றைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு போதுங்கா" என்றாள்.

மொத்தக் கூட்டமும் ஓவென்று கத்தியது. ஸ்நேஹாவின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். அவர் கனகராஜைப் பார்த்தார். கனகராஜ் குடத்தைப் பார்த்தான். தேவானை இரண்டு குடத்துக்கும் கோடு போட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு மண்டபம் நான் பேசித் தரேன்" என்றபடி அடுத்த ஆளிடம் போனாள்.

இப்படியே போயிற்று. ஒருவன் பெயர்கூட வைத்திருந்தான். இன்னொருவன் நாலு குடத்தில் ஒன்று டாக்டர், ஒன்று கலெக்டர் என்றான்; மற்ற இரண்டும் என்ன என்று கேட்டதற்கு, அது அதுங்க இஷ்டம் என்றான். முப்பது குடத்துக்கு மேல் வெளியே போனது. போனாலும் டில்லிபாபு கவலைப்படவில்லை. மிச்சமிருந்ததில் முக்கால்வாசி அவன் ஆட்கள் வைத்தது.

வரிசையின் கடைசிக்கு வந்தபோது தேவானை நின்றாள். அங்கே பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் குடம். கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. தூரத்திலிருந்தே டில்லிபாபுவுக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. ஷீலா கல்யாணத்தில் கொண்டுவந்த குடம். பரணிலிருந்து இறக்கிப் பல வருடம் ஆகிறது. அவன் அதை வைக்கவில்லை.

துரைராஜும் ஷீலாவின் பெயரைப் படித்துவிட்டார். "இன்னா நைனா இது? நீயும் வெச்சிகீறியா? உனக்கு ஏது கொடம்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தேர்தல் நெருங்கினால் வாய் அவர் பேச்சைக் கேட்காது.

 டில்லிபாபுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.  இத்தனை பேர் முன்னால் துரைராஜ் இதைக் கேட்டுவிட்டாரே என்று அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அவுரு வெக்கல. நான் வெச்சேன்" என்று ஷீலா முன்னால் வந்தாள்.

தேவானை சாக்பீஸைக் கையில் உருட்டினாள். கேள்வி கேட்காமல் கோடு போட்டால் வரிசை வரிசையாக இருக்காது. அது அவளுக்குத் தெரியும். "யாருக்கு கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"பேரு ஊரு எதுனா சொல்லணுமே."

"எனக்கு வரும்னு வெக்கல. யாருக்கு வந்தாலும் வரட்டும்னு வெச்சேன். நான் பெத்தாதான் அதுக்குத் தாகம் எடுக்குமா? எங்க வூட்ல நாளைக்கு வேற யாரோ குடி வருவாங்க. அவுங்களுக்கும் புள்ள இருக்கும். எனக்கு அத்த தெரியாது, அதுக்கும் என்னத் தெரியாது. அவ்ளோதான்."

 தேவானை குனிந்து அந்தக் குடத்துக்குக் கோடு போட்டாள். எவர்சில்வரில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்திப் போட்டாள். டில்லிபாபு ஷீலாவைப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தவளை இன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது, இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ரெனிட்டா எண்ணிச் சொன்னாள். செல்லுபடியான குடங்கள் இருநூற்றுப் பதினாலு. பிறகு ஆட்களின் ஓட்டு. பைக் ஸ்டாண்டு வேண்டும் என்று கை தூக்கியவர்கள் ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்றவர்கள் முப்பத்து மூன்று.

டில்லிபாபுவின் ஆட்கள் விசிலடித்தார்கள். "இப்ப கொடம் வெச்சவங்க, ஒரு கொடத்துக்கு ஒரு தபான்னு கை தூக்குங்க" என்றான் அவன் மைக்கில். கனகராஜ் இரண்டு கையையும் தூக்கினான்.

"கைய எறக்குடா" என்றாள் தேவானை.

"ஏங்கா? என் கொடம்தானே?"

"கொடத்தோட ஓட்டுக்கு நீ ஏன் கை தூக்குற? கொடம்தான் வந்து நிக்குதே, இன்னா வோணும்னு அதுக்குத் தெரியாதா?" அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நான் இருவது வருசமா வரிசை பாத்துகினு கீறேன். பைக்கு நிறுத்த எவனாச்சும் கொடம் வெச்சு எடம் புடிச்சு நான் பாக்கல. கொடம் வரிசைல நின்னா தண்ணிக்கு நிக்குதுன்னு அர்த்தம். எல்லாக் கொடமும் தண்ணிக்குத்தான் ஓட்டு போட்டுகினு நிக்குது. எண்ணிக்கோ."

 முதலில் சிரித்தது கனகராஜ்தான், பாவி. அவனைத் தொடர்ந்து மொத்தக் கூட்டமும். அம்மாசி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

டில்லிபாபு ரெனிட்டாவைப் பார்த்தான். அவள் சங்கடத்தோடு விதித் தாளைக் காட்டினாள். குடம் நிற்பது வைத்தவருக்காக அல்ல, வரப் போகிறவருக்காக. கீழே அவன் கையெழுத்து. தி.நகர் போய், ஆட்டோ பிடித்து, போலீஸுக்குப் பதில் சொல்லி, தனக்கு எதிராகத் தானே நூறு ஓட்டுக்கு மேல் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"செல்லாதுன்னு சொல்லுண்ணா" என்று பின்னாலிருந்து ஒருவன் கிசுகிசுத்தான். "நீதான தலைவரு. தீர்மானத்துல கையெத்து போடாத. கொடத்துக்கு இன்னா ஓட்டு, ஊரே சிரிக்கும்."

அது உண்மை. அவன் கையெழுத்துப் போடாவிட்டால் தீர்மானம் இல்லை. ரெனிட்டாவின் தாள் ஓர் ஆராய்ச்சித் தாள். எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அடுத்த வாரமே குடம் இல்லாமல் ஒரு கூட்டம் போட்டு, ஐம்பத்தெட்டுப் பேரை வைத்து ஜெயித்துவிடலாம். தேர்தலிலும் அதே ஐம்பத்தெட்டுப் பேர்தான் ஓட்டுப் போடப் போகிறார்கள்.

"போடு நைனா, போடு!" என்று துரைராஜ் வாய் நிறையச் சொன்னார். "மக்கள் தீர்ப்பு! ஜனநாயகம்!" அவர் கண் ஏற்கெனவே அந்த ஐம்பத்தெட்டுப் பேர் மேல் இருந்தது. பைக் ஸ்டாண்டு வாங்கித் தருவேன் என்று நாளைக்குக் காலையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போவது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

டில்லிபாபு தீர்மானப் புத்தகத்தை மேஜைமேல் விரித்தான். பேனாவைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். பயமாகத்தான் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து தெருவில் நடந்தால் யாரும் நின்று கும்பிட மாட்டார்கள்; காலையில் கதவைத் தட்டிக் குறை சொல்ல ஒரு ஆள் வராது. அடையாறிலும் ஏ.சி.காரர், இங்கேயும் ஏ.சி.காரர். எதிரே ஷீலா நின்றிருந்தாள். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

அவன் எழுதினான். மண் தரையை மண் தரையாகவே விடுவது, உறைகிணற்றைத் தூர்வாருவது, இதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் குடம் வைத்துத்தான் மாற்ற வேண்டும் என்பது. அடுத்த வரியில் 'கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்' என்று எழுதி, பக்கத்தில் 91 என்று போட்டான். அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொரு வரி எழுதினான். 'இனிமேல் வர இருப்பவர்கள்: 214.'

துரைராஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவங்கல்லாம் வந்து உனக்கு ஓட்டு போடப் போறாங்களா நைனா?"

"போட மாட்டாங்க" என்றான் டில்லிபாபு. "அவுங்க வரச்சொல்லோ நான் இருக்க மாட்டேன். நீயும் இருக்க மாட்ட."

துரைராஜ் அந்த ஐம்பத்தெட்டுப் பேர் நின்ற பக்கமாக நகர்ந்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்தான். எப்போதும் அவன் போடுவது ஒரே இழுப்பில் ஒரு சுழி. பார்த்தால் மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதைப் போடப் போனவன் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். 'மு. டில்லிபாபு, சி பிளாக், ஏ.சி. மெக்கானிக்.' எழுதி முடித்துப் புத்தகத்தை ஷீலா பக்கம் திருப்பினான்.

"யாருன்னே தெரியாதவங்க படிச்சா புரியுமா பாரு" என்றான்.

ஷீலா குனிந்து, உதட்டை அசைத்து, ஒரு தடவை முழுசாகப் படித்தாள்.

"ம், புரியும்" என்றாள். "தேதியும் போடு."